சண்டை போடாதவனின் தண்டுவட நீர்

காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும், நிலவின் தென்முனைப் பள்ளத்தில் இருந்த எல்லா வீட்டுக் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. பல் துலக்கியவர்கள், துலக்காதவர்கள், தலையில் ஈரத் துண்டோடு வந்தவர்கள் என்று எல்லோரும் நடைபாதைக்கு வந்து, எதிர் வீட்டுக்காரரைப் பார்த்து நின்று, வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினார்கள். சரியாக இருபது நிமிடம். ஏழு இருபதுக்கு இரண்டாவது சங்கு ஊதியது. உடனே வாயை மூடிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இதற்குச் சண்டைவேளை என்று பெயர். அரசாங்க உத்தரவு. சிரிக்காதீர்கள், அவர்களுக்குக் காரணம் இருந்தது. குடியேறிய ஆறாம் ஆண்டில், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் ஒருவர், ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய் வெளிக்கதவைத் திறந்துவிட்டார். காற்றில்லாமல் பதினோரு பேர் செத்தார்கள். விசாரித்த குழு, அடக்கி வைத்த கோபமே காரணம் என்று எழுநூறு பக்கம் எழுதித் தள்ளியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கதவுக்காது என்ற பொறியைப் பதித்தார்கள். யார் சண்டை போட்டார், எவ்வளவு சத்தமாகப் போட்டார் என்பதையெல்லாம் அது கேட்டுக் குறித்துக்கொள்ளும். தொடர்ந்து மூன்று நாள் சண்டை போடாதவரின் பெயர் தானாகவே மருத்துவக் கூடத்துக்குப் போய்விடும். கோபமே வராதவனுக்கு மூளையில்தான் கோளாறு என்பது குழுவின் கணக்கு. அங்கே முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து, மூளைக்குள் கிருமி புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இருபது நிமிடத்தோடு சண்டை தீர்ந்துவிடும் என்று குழு நினைத்ததுதான் வேடிக்கை. மீதி இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடமும் அவர்கள் இலவசமாகவே சண்டை போட்டார்கள்.

மூன்றாம் நடைபாதையில் தங்கமாரியப்பன் என்று ஒருவர் இருந்தார். காற்றுச் சல்லடைகளைக் கழற்றித் தூசி தட்டி மாட்டுவது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது. எதிர் வீட்டுச் சொர்ணக்கனியோடு பத்தொன்பது வருஷமாகச் சண்டை. இரண்டு பேரும் வாயைத் திறந்தால் அடுத்த நடைபாதையிலிருந்து ஆட்கள் வந்து நின்று கேட்பார்கள். வீட்டிலும் அவர் அப்படித்தான். அவர் மனைவி பிரம்மசக்தி பரிமாறிய சோற்றை ஒரு நாளாவது குறை சொல்லாமல் தின்றதில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் மூன்று மாதமாக வீட்டுக்குள் ஒரு தினுசாக மாறிக்கொண்டு வந்தார். வெளியே மட்டும் எப்படியோ ஒப்பேற்றினார். கடைசியில் ஒரு நாள் காலையில் அதுவும் முடியவில்லை. சல்லடைத் தூசி முழுக்கத் தன் வீட்டுக்குள்தான் வந்து விழுகிறது, அவர் கை விளங்காது என்று சொர்ணக்கனி ஆரம்பித்தாள். அவர் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“ஆமாம்மா. தப்பு என் மேலதான். நாளையிலேருந்து அந்தப் பக்கமா வச்சுத் தட்டுதேன்” என்றார்.

சங்கு ஊதி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. மீதிப் பத்தொன்பது நிமிடமும் சொர்ணக்கனி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவளை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. வீட்டுக்குள் போய் அழுதாள். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. தூசி உண்மையிலேயே வருவது நின்றுபோனதில் அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. மூன்றாம் நாள் கதவுக்காது தன் கடமையைச் செய்வதற்கு முன்பே அவள் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள்.

பிரம்மசக்தி என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் புருஷனை நடுவீட்டில் நிற்க வைத்து நாலு வசவு சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தாள். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். நாலாவது வசவில் சிரித்துவிட்டார். “பாவம்ளா அவ” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மருத்துவக் கூடத்தின் ஆய்வகம் வியாகுலமேரியின் பொறுப்பில் இருந்தது. பதினைந்து வருஷமாக முதுகு முதுகாக ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கிறவள். நெட்டையான, சிடுசிடுத்த பெண். தன் சோதனை முடிவுக்கு வேறு யாராவது அர்த்தம் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. உடம்புக்குள் கிருமி வந்தால் அதை எதிர்க்க உடம்பு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது இரத்தத்தில் இருந்தால், உடம்பு எப்போதோ அந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. வேலி என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிந்து வந்ததைப் பார்த்துவிட்டு மூளையிலேயே கிருமி என்று முடிவு கட்டினால் ஆள் காலி. ஆகவே இரத்தத்தையும் தண்டுவட நீரையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும். கசிவுக் கணக்குக்கு மேல் நீரில் இருந்தால்தான் மூளையே உட்கார்ந்து தயாரிக்கிறது என்று சொல்லலாம். இதை அவள் பதினைந்து வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கமாரியப்பனுக்கு ஊசி போடும்போது, கை வலிக்குமே அம்மா, மெதுவாகப் போடு என்று அவர் அவளிடம் சொன்னார். பதினைந்து வருஷத்தில் ஊசி போடுகிறவளின் கையைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

முடிவு வந்தது. கப்பல் காய்ச்சல் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள், கசிவுக் கணக்கைப் போல ஒன்பது மடங்கு தண்டுவட நீரில் இருந்தது. கப்பல் காய்ச்சல் அங்கே ஒரு விஷயமே இல்லை. பூமியிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கும், அங்கே பிறந்த குழந்தைகளுக்கும் முதல் மாதத்திலேயே மூன்று நாள் வரும், போய்விடும். அது மூளைவரைக்கும் போகிறது என்று யாரும் நினைத்ததில்லை.

தலைமை மருத்துவர் நம்பிராஜன் அறிக்கையின் முதல் வரியைப் படித்தார். மூளையில் தொற்று உண்டு என்று முத்திரை வைத்தார். அதுவரை ஆய்வகத்துக் கண்ணாடித் தடுப்புக்குள் வைத்திருந்து, எட்டாம் நாள் வண்டியில் மௌனக் கூடத்துக்கு அனுப்பும்படி எழுதினார். மௌனக் கூடம் பள்ளத்தின் மறுகோடியில் இருந்தது. இதுவரை முப்பத்தொரு பேர் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர் யாரும் இல்லை, உள்ளே போய்ப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

பிரம்மசக்தி ஆய்வகத்துக்கு ஓடி வந்தாள். வழியில் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு, வாசலில் ஒருவரோடு மல்லுக்கு நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“இருபத்தாறு வருசம் அவுககூடக் குடும்பம் நடத்துனேன், டாக்டரம்மா. வயித்தெரிச்சலத் தவிர ஒண்ணையும் பாக்கல. இந்த மூணு மாசந்தான் சாப்பிட்டியான்னு கேக்காவ. நான் சொல்லுதத உக்காந்து கேக்காவ. சீக்குன்னா சீக்காவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அவுகள இப்படியே திருப்பிக் குடுங்க.”

சொல்லிவிட்டு அழுதாள். வியாகுலமேரி அவளை அதட்டி வெளியே அனுப்பினாள். அனுப்பிவிட்டு அறிக்கையை எடுத்து, தலைமை மருத்துவர் படிக்காத இரண்டாவது வரியை மறுபடி பார்த்தாள்.

எதிர்ப்பொருளில் இரண்டு வகை உண்டு. கிருமியோடு போர் நடக்கும்போது முதலில் வருவது முன்படை. போர் முடிந்து கிருமி ஒழிந்த பிறகும் காவலுக்கு நிற்பது பின்படை. தங்கமாரியப்பனின் தண்டுவட நீரில் பின்படை மட்டும்தான் இருந்தது. முன்படை பேருக்குக்கூட இல்லை. அப்படியென்றால் மனிதருக்கு இப்போது தொற்று இல்லை. தொற்று இருந்து, தீர்ந்துவிட்டது. அரசாங்கப் படிவத்தில் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டங்கள். தீர்ந்துவிட்டது என்பதற்குக் கட்டம் கிடையாது.

அப்படியானால் எதிலிருந்து குணமானார்? அவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. சாதாரண மனிதனின் தண்டுவட நீர் எப்படி இருக்கும் என்று அந்தப் பள்ளத்தில் யாருக்கும் தெரியாது. சண்டை போடாதவர்களை மட்டும்தான் பதினைந்து வருஷமாகச் சோதித்து வந்தார்கள். சண்டை போடுகிறவன் நன்றாக இருக்கிறான், அவனுக்கு எதற்கு ஊசி? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் இல்லாமலே முப்பத்தொரு பேரை அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அறிக்கை கொடுத்தவள் அவள்தான்.

முதலில் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஊசிக்கை என்ற எந்திரம் அவள் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் எடுத்தது. முடிவைப் பார்த்துவிட்டு, குழாய் அழுக்காக இருக்கிறது என்று எந்திரத்தைத் திட்டினாள். மறுபடி எடுத்தாள். அதே முடிவு. நீர் முழுக்க முன்படை. காய்ச்சல் வந்து முப்பது வருஷமாகியும் அவள் மூளைக்குள் போர் நடந்துகொண்டே இருந்தது.

ஒருத்தியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நாற்பது பேராவது வேண்டும். முதுகில் ஊசி என்றால் யார் வருவார்கள்? அதற்கு அவள் செய்த தந்திரம் அந்த ஊரில் மட்டும்தான் பலிக்கும். சொர்ணக்கனி ஊசிக்குப் பயந்த கோழை என்று பிரம்மசக்தி கேலி பேசுவதாக அவளிடமே சொல்லி அனுப்பினாள். அவள் வந்து நீர் கொடுத்ததும், சொர்ணக்கனியே கொடுத்துவிட்டாள் என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் மத்தியானத்துக்குள் நாற்பது பேர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யார் முதலில் என்று அங்கேயும் தள்ளுமுள்ளு. நம்பிராஜனும் வந்தார். ஒரு ஆய்வகக்காரி செய்ததைத் தலைமை மருத்துவர் செய்யவில்லை என்று பேர் வந்துவிடக் கூடாதே.

நாற்பது பேருக்கும் ஒரே முடிவு. முன்படை, முன்படை, முன்படை. கப்பல் காய்ச்சல் போவதே இல்லை. மூளைக்குள் குடியேறி, எரிச்சலைக் கிளறிக்கொண்டு ஆயுசு முழுக்க இருந்துவிடுகிறது. பள்ளத்தின் அத்தனை சண்டைக்கும் அதுதான் காரணம். இதுவரை தெரிந்த அளவில், அதை வென்று கிருமியைத் துரத்திய ஒரே உடம்பு தங்கமாரியப்பனுடையது. மற்ற முப்பத்தொரு பேரும் அப்படித்தானா என்று இனிமேல்தான் பழைய அறிக்கைகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

அவள் போய் நம்பிராஜனின் மேஜையில் அறிக்கையை வீசினாள். அவர் இந்த முறை கடைசிவரை படித்தார். தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை இரண்டு முறை படித்தார்.

“அந்த ஆளுக்கு ஒண்ணும் இல்லேன்னு நான் எழுதினா, மத்த எல்லாருக்கும் மூளைக் காய்ச்சல்னு எழுதுற மாதிரி ஆகும், மேரி. இந்த ஊர்ல அப்படி எழுதிட்டு நான் நாளைக்கு நடமாட முடியுமா?” என்றார்.

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. தங்கமாரியப்பனின் இரத்தத்திலிருந்து பின்படையைப் பிரித்து மருந்தாக்கினார்கள். அவர் கையை நீட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒரு கெடுதலும் இல்லை. இனி ஒரு மனிதர் அதைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்தில் அவர் மூளையில் முன்படை அடங்கினால், கிருமியை விரட்டுவது இந்த எதிர்ப்பொருள்தான் என்று நிரூபணம் ஆகிவிடும். தங்கமாரியப்பன் நோயாளி இல்லை என்று நம்பிராஜன் கையெழுத்துப் போடுவார். தங்கமாரியப்பன் வீட்டுக்குப் போகலாம். எட்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரே ஒருவர் வந்தால் போதும். சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. மூளைக்குள் போகிற மருந்தை, போட்டுக்கொள்கிறவர் தன் விருப்பத்தோடு தானே கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்கலாம்.

செய்தியை ஊர் முழுக்க அறிவித்தார்கள். கோபத்தைத் தீர்க்கும் மருந்து வந்துவிட்டது, வேண்டியவர் விண்ணப்பிக்கலாம். அலுவலகத்தில் ஒரு எழுத்தர் அவசரமாக விண்ணப்பம் தயாரித்தார். மருந்து பெறுபவர் பெயர் என்று ஒரு வரி, விண்ணப்பிப்பவர் பெயர் என்று ஒரு வரி. இரண்டும் ஒரே பெயராகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். நல்ல மனிதர்.

பள்ளத்தில் பெரியவர்கள் இரண்டாயிரத்து நூறு பேர். மூன்று நாளில் வந்து சேர்ந்த விண்ணப்பங்கள் மூவாயிரத்து நானூற்று அறுபது. மனைவிகள் புருஷனுக்குக் கேட்டிருந்தார்கள். புருஷன்மார் மனைவிக்கும், மனைவியின் தம்பிக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். மாமியார்கள் மருமகளுக்கு, மருமகள்கள் மாமியாருக்கு, முடிந்தால் இரட்டை அளவாக. ஆசிரியர்கள் பெற்றோருக்கு, பெற்றோர் ஆசிரியர்களுக்கு. ஆளும் அணி எதிரணி மொத்தத்துக்கும் ஒரே விண்ணப்பமாகப் போட்டுவிட்டது. அண்ணன் நல்லவன்தான், ஆனால் சீக்கிரம் போட்டால் நல்லது என்று ஒருவர் அடிக்குறிப்பு எழுதியிருந்தார். குடிநீரில் கலந்து கொடுத்துவிட்டால் தெரியாதே என்று பதினேழு பேர் யோசனை சொல்லியிருந்தார்கள். தாங்கள் மட்டும் அன்று வேறு குழாயில் குடித்துக்கொள்வார்களாம்.

இரண்டு வரியிலும் ஒரே பெயர் உள்ள விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. வியாகுலமேரி மூவாயிரத்து நானூற்று அறுபதையும் உட்கார்ந்து பார்த்தாள்.

எட்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் பிரம்மசக்தி வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கமாரியப்பன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையசைத்தார். அவள் வியாகுலமேரியிடம் வந்து, யாராவது கிடைத்தார்களா, அவுக வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள்.

வியாகுலமேரி அவள் முன்னால் ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். அதில் விண்ணப்பிப்பவர் பிரம்மசக்தி. மருந்து பெறுபவர் சொர்ணக்கனி.

“இதுல உங்க பேரை எழுதுங்க. ஒரு கையெழுத்துதான். சாயங்காலம் உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போயிருங்க.”

“எனக்கா? எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்.”

வியாகுலமேரி அவளுடைய சோதனை முடிவை எடுத்துக் காட்டினாள். நாற்பது பேரில் அவளுக்குத்தான் முன்படை எல்லோரையும்விட அதிகம். பிரம்மசக்தி அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. அவரைப் பிரிந்த எட்டு நாளில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அவுகதான் இப்படி ஆயிட்டாவ. நானும் இப்படி ஆயிட்டா, அந்தச் சொர்ணக்கனிய யாரு கேக்க? தலையில ஏறி உக்காந்துருவா. வீட்டுக்கு ஒரு ஆளாவது வேணும்லா. அவளுக்கு மொதல்ல போடுங்க. மறுநாளே நான் வந்து போட்டுக்கிடுதேன்.”

சொர்ணக்கனியும் காலையில் வந்து இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வியாகுலமேரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் வேண்டுமா, எதிர் வீட்டுக்காரியை ஜெயிப்பது வேண்டுமா என்று ஆய்வகமே அதிரக் கத்தினாள். இவ்வளவு கண் முன்னால் காட்டியும் ஒரு மனுஷிக்குப் புத்தி வராதா என்று கேட்டாள். பிரம்மசக்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“கையெழுத்து யாருதா இருந்தாலும் சரிதானே, டாக்டரம்மா? நீங்க போட்டுக்கிடுங்களேன்.”

வியாகுலமேரி உடனே, தான் போட்டுக்கொண்டால் ஆய்வகத்தை யார் பார்ப்பது, இந்த நம்பிராஜனிடம் யார் மல்லுக் கட்டுவது, ஆளை ஏறி மிதித்துவிட மாட்டாரா என்று என்னென்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டே மேஜைமேல் இருந்த விண்ணப்பங்களை அடுக்கினாள். அந்த அடுக்கில் ஆயிரத்து நூற்று நான்காவது அவளுடையது. மருந்து பெறுபவர், தலைமை மருத்துவர் நம்பிராஜன். அதற்கு இரண்டு தாள் தள்ளி நம்பிராஜனுடையது இருந்தது. அவர் அவளுக்குக் கேட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மருந்துப் பெட்டகம் தானாகப் பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கமாரியப்பன் போர்வையை மடித்து வைத்தார். மௌனக் கூடத்து வண்டிக்காரர் உள்ளே வந்து, சீக்கிரம் கிளம்பும் என்று அதட்டினார். மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று தங்கமாரியப்பன் அவரைக் கேட்டார். வண்டி போகும்வரை பிரம்மசக்தி கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதுகொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் காரணம் சொர்ணக்கனிதான் என்று சொல்லியபடி விறுவிறுவென்று மூன்றாம் நடைபாதைக்கு நடந்தாள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு ஆள் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவருக்கு அனுப்ப வேண்டும், படித்தாவது புத்தி வருகிறதா பார்ப்போம் என்று தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அவர் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டார்.